பதினாறு படிக்கு இரண்டு பேர்

நாற்பத்தெட்டு. இந்த எண்ணை மனதில் போட்டு வையுங்கள். மந்தைவெளிப் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில், சி பிளாக்கின் மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு வர நாற்பத்தெட்டு படி. மாடிக்குப் பதினாறு. லிஃப்ட் கிடையாது. படியின் அகலம் மூன்றடி. எதிரே கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு ஆள் வந்தால் நாம் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த நாற்பத்தெட்டை எண்ணிச் சொன்னவர் ஆரோக்கியமேரி. அவர் வீடு தரைத்தளம். படியேற வேண்டிய அவசியமே இல்லாதவர். அவர் படிகளைக் கண்ணால் எண்ணவில்லை, காதால் எண்ணினார்.

மேரிக்கு நாற்பத்தாறு வயது. பிளாக் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி. பத்தொன்பது வருஷமாக அதே மரம், அதே வண்டி, கரி போட்டுச் சூடேற்றுகிற அதே பெட்டி. பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரம். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், நோவாவின் பேழைக்குள் அத்தனை நாளும் யானைச் சாணியை யார் அள்ளினார்கள் என்று கேட்டதற்காக வெளியே நிற்க வைக்கப்பட்டவர். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. சட்டைப் பாக்கெட்டில் மருந்துச்சீட்டு கிடந்தால் யாருக்கு உடம்பு என்று கேட்பார். காலரில் சிமென்ட் இருந்தால் எந்த ஏரியாவில் வேலை என்று கேட்பார். வம்புக்காரி என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. மேரி ஒரு காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிளாக்குக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொப். யாரோ துணி துவைக்கிறார்களோ? மாடிப்படியில் யார் துவைப்பார்கள்? மாவு மூட்டையை இறக்குகிறார்களோ? மூட்டை என்றால் இத்தனை நேரம் ஏன்? மேரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே வாசல் வரை போனார். நாற்பத்தைந்தாவது சத்தத்தில் ஆள் தெரிந்தது.

முருகையன். மூன்றாவது மாடி. ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டியவர். சர்க்கரை முதலில் கிட்னியைத் தின்றது. ஆடி மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, ஒன்பதரை மணிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த மனிதர் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி அன்புக்கரசி, ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை. வெட்டின காலின் கட்டுத்துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

"இன்னாண்ணே இது?" என்றார் மேரி.

"சறுக்குமரம் ஆடறேன் மேரி. நீயும் வரியா?" என்றார் முருகையன். மூச்சு வாங்கியது.

ஆட்டோ புறப்படும் முன் மேரி அன்புக்கரசியைப் பிடித்துக்கொண்டார். விஷயம் வெளியே வந்தது. இதுவரை ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் இரண்டு பேர் கையில் தூக்கி இறக்கினார்கள். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொருவரால் தனியாகத் தூக்க முடியாது. போன புதன்கிழமை போகவேயில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: காத்திருப்பவர்கள் நாற்பது பேர், இன்னும் இரண்டு தடவை வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. இடம் போனால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் மகள் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள்; தரைத்தளம்தான். ஆனால் அங்கிருந்து இதே ஆஸ்பத்திரிக்கு வந்து போவது யாரால் முடியும்?

"பிளாக்ல இத்தினி ஆம்பளைங்க கீறாங்க. ஒருத்தர் கையிலயும் கேக்கலியா நீ?"

"ஒரு நாளுன்னா கேக்கலாம்க்கா. வாரத்துக்கு மூணு நாளு, எறங்க ஒரு தபா, ஏற ஒரு தபா. ஆறு தபா ஒருத்தர் கதவ தட்டினா, ஏழாவது தபா உள்ள இருந்துகினே இல்லன்னு சொல்லுவாங்க. அந்த மூஞ்சிய நான் அப்பால தெனமும் படிக்கட்டுல பாக்கணும்."

மேரிக்கு இது புதிராகிவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து துணி கொடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். முருகையன் படியில் உட்கார்ந்து இறங்குவது தெரியுமா? பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் போகவில்லை? எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "சொல்லியிருந்தா வந்திருப்பேனே." யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் மேரியைக் குடைந்தது. இருபத்துநாலு வீடு. வர மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட நா எழாத ஒருத்தி இருக்கிறாள். நடுவில் ஒரு மனிதன் தேய்ந்துகொண்டிருக்கிறான். தினம் தினம் கேட்க வேண்டியிருப்பதுதான் கோளாறு. அப்படியென்றால் ஒரே தடவை கேட்டு முடித்துவிட்டால்?

யார் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்று தெரிய வேண்டும். அதற்கு மேரி யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை. சட்டைகள் சொல்லும். செந்தில்குமாரின் கண்டக்டர் சட்டை மத்தியானம் ஒரு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டாவது ஷிஃப்ட், காலையில் ஆள் வீட்டில். முதல் மாடி அண்ணன் தம்பி தி. நகர் ஜவுளிக்கடை காவலாளிகள்; நீலச் சட்டை சாயங்காலம் போகும், காலை ஏழரைக்குத் திரும்பும். சாப்பாடு டெலிவரி பண்ணும் விக்கியின் சிவப்பு டீ-ஷர்ட்டுக்கு இஸ்திரியே கிடையாது, ஆனால் பதினோரு மணிக்கு முன்னால் அது மரத்தடியைத் தாண்டியதில்லை. மேரி ஒரு கரித்துண்டை எடுத்துப் படிக்கட்டுச் சுவரில் கிழமையும் பெயரும் எழுதினார், காலையில் இறக்க ஒரு வரிசை, மத்தியானம் ஏற்ற ஒரு வரிசை. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை கேட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை.

சங்கம் இல்லை, தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை. சுவரில் கரி, அவ்வளவுதான்.

திங்களும் புதனும் நாலு பேர் கையில் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றடிப் படியில் நாலு பேர் நிற்க இடமில்லை. இரண்டு திருப்பத்தில் முருகையனின் முழங்கை சுவரில் உரசித் தோல் போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு விக்கி ஒரு யோசனை கொண்டு வந்தான். பந்தல்காரரிடம் சொல்லி இரண்டு நல்ல மூங்கில் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, காலை எட்டு மணிக்கு மூன்றாவது மாடிக் கதவு முன்னால் நிறுத்தினான். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். விக்கிக்குப் பெருமை தாங்கவில்லை.

முருகையன் கதவைத் திறந்து பார்த்தார். பச்சை மூங்கில். கயிறு. நாலு பேர். அந்த நேரம் பார்த்து நாலாவது வீட்டுப் பெரியவர் படியேறி வந்தார். மூங்கிலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் ஒதுங்கிக் கைகட்டி நின்றார்.

"டேய்!" என்று முருகையன் கத்தினார். "ரெடி பண்ட்டீங்களா? சங்கு எங்கடா? மோளம் எங்க? பூவு நான் வாங்கியாரட்டா?"

"மாமா, சத்தியமா நான் அப்பிடி நெனைக்கல..."

"உசுரோட கீறவன மூங்கில்ல ஏத்துவியா நீ? போடா!"

கதவு சாத்திக்கொண்டது. அன்புக்கரசி கெஞ்சினார். மேரி கெஞ்சினார். கதவு திறக்கவில்லை. ஒன்பதரை மணி கடந்து போயிற்று. ஒரு தடவை போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று.

விக்கி கீழே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதான். இருபத்தெட்டு வயது ஆள்.

சனிக்கிழமை முருகையனின் முகம் வீங்கியிருந்தது. படுக்க முடியவில்லை, சாய்ந்தே இருந்தார். மேரி போய் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப் போகவில்லை, கேட்கப் போனார்.

"மூங்கில எடுத்துட்டா வருவியாண்ணே?"

முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாலு பேரு வேணாம், ரெண்டு பேருன்னா?"

"மேரி, உன்னிய கேள்வி கேக்கறதுக்கு கவர்மென்ட்டுல வெச்சிருக்கணும்."

"சொல்லுண்ணே. மூங்கில் மட்டுந்தானா?"

அவர் சொன்னார். "முப்பது வருஷமா நான் ஏத்திகினு போனவன். பிரசவத்துக்குப் போன பொம்பளைங்கள ஏத்திகினு போயிருக்கேன். தண்ணி போட்டவன, கைய ஒடச்சிகினவன, எல்லாரையும். கைல ஹேண்டில் இருந்துச்சி. இப்ப நான் சரக்கு மாதிரி குந்திகினு இருக்கணும். எவனோ திருப்புவான், எவனோ இடிப்பான். எனக்கு எதிர்ல செவுரு வருதுன்னு தெரியுது, சொல்லவும் பயமா கீது. ஓசில தூக்கறவன போய் அதட்ட முடியுமா?"

மேரி அதை அப்படியே கீழே கொண்டு வந்தார். அம்மாசி என்கிறவர் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாசியும் மூன்றாவது மாடிதான். வேலை பெயின்டிங், திருவிழா நாட்களில் மாடவீதியில் சாமி தூக்குகிறவர். அவருக்கும் விக்கிக்கும் வண்டி நிறுத்துகிற இடத்தகராறில் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.

"மூங்கில கொண்டாந்த மகராசன் யாருன்னு நான் கேக்கல," என்றார் அம்மாசி, விக்கி நான்கு அடி தள்ளி நிற்கும்போதே. "சாமி தூக்கும்போது பலம் ரெண்டாவதும்மா. மொதல்ல ஒயரம். ஒரே ஒயரத்து ஆளுங்கள ஜோடி சேக்கணும், இல்லாங்காட்டி சாமி சாயும். ரெண்டாவது, ஒருத்தன்தான் கொரல் குடுக்கணும். அவன் சொன்னா நிக்கணும், அவன் சொன்னா திரும்பணும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் தோள்ல கட்டைய வெச்சிட்டா அவன் பேச்சுதான்."

"படியில எறங்கும்போதும் ஒரே ஒயரமா?" என்றார் மேரி.

அம்மாசி யோசித்தார். "இல்ல. கீழ்ப்படில நிக்கறவன் நெட்டையா இருக்கணும். மேல்படில குட்டை. அப்பதான் மட்டமா வரும்."

யார் நெட்டை, யார் குட்டை? மேரி யாரையும் நிறுத்தி அளக்கவில்லை. ஒவ்வொருவரின் பேன்ட்டையும் பத்தொன்பது வருஷமாக மடித்தவர். இரண்டாவது மாடியில் செந்தில்குமார் நாற்பத்திரண்டு அங்குலம், கீழே. அதே மாடியில் கூரியர் கம்பெனிக்குப் போகிற கூரியர்காரர் முப்பத்தாறு, மேலே. காவலாளிகளில் தம்பி கீழே, அண்ணன் மேலே. மூன்றாவது மாடியில் நெட்டை விக்கி, குட்டை அம்மாசி.

"அவனோடயா?" என்றார் அம்மாசி.

"இவரோடயா?" என்றான் விக்கி.

"பேச வேணாம், தூக்குங்க," என்றார் மேரி.

இன்னொன்றும் அப்போதுதான் முடிவாயிற்று. மூன்று மாடியும் ஒரே ஜோடி தூக்கக் கூடாது. மூன்றாவது மாடிக்காரர்கள் இரண்டாவது மாடி வரை. அங்கே அந்த மாடிக்காரர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது முதல் மாடிக்காரர்கள். பதினாறு படிக்கு இரண்டு பேர். நாற்பத்தெட்டு என்றால் ஓடிப்போகிறவன்கூடப் பதினாறு என்றால் நிற்பான்.

முதல் மாடி ஜமீலுன்னிசா பை தைக்கிறவர். தன் வீட்டு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கான்வாஸ் பட்டையை நாலு மடிப்பு மடித்துத் தோளில் மாட்டுகிற பெல்ட் தைத்தார். "யா அல்லா, நாலு ஊசி ஒடஞ்சிபோச்சி," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அன்று மாலை ஒத்திகை. நாற்காலியில் முருகையனுக்குப் பதிலாக யாரை உட்கார வைப்பது? எடை சரியாக வருவது விக்கிதான். அவன் இடத்தில் காவலாளித் தம்பி கீழே நிற்க, மேலே அம்மாசி பிடித்தார்.

"மேரி, குந்தினுகீறவன கால ஆட்டாம இருக்கச் சொல்லு," என்றார் அம்மாசி.

"மேரிக்கா, பின்னாடி கீறவர மூச்ச என் தலைல வுடாம இருக்கச் சொல்லு," என்றான் விக்கி.

ஜமீலுன்னிசா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி மட்டமாக வந்தது.

மேரி மேலே போனார். "அண்ணே, வண்டி ரெடி. டிரைவர் இல்ல. கொரல் குடுக்க ஆளு வோணும். நீ அதட்டலன்னா எவனும் நகர மாட்டான், அதான் ரூல்."

முருகையன் அவரை முறைத்துப் பார்த்தார். "எந்தப் பக்கம் பாத்துகினு குந்தணும்?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. இறங்குகிற பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கால்தான் முதலில் வாசலைத் தாண்டும். கால் முதலில் போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்புக்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீயே சொல்லுண்ணே," என்றார் மேரி.

"ரோட்டுக்கு முதுக காட்டிகினு எவனாச்சும் வண்டி ஓட்டுவானா?" என்றார் முருகையன். "முன்னாடிதான்."

திங்கள்கிழமை. காலையிலிருந்து தூறல். எட்டு மணிக்கு நாற்காலி மூன்றாவது மாடிக் கதவைத் தாண்டியது. விக்கி கீழே, பெல்ட் தோளில். அம்மாசி மேலே, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி. இரண்டு படி முன்னால் மேரி, எதற்கும் ஒரு காவல்.

"மொதல்ல வலது," என்றார் முருகையன். குரல் கம்மியிருந்தது. "ஒண்ணு. ரெண்டு. மெதுவா. மூணு... டேய் விக்கி, ஸ்பீடு பிரேக்கர் மேல ஏத்தற மாதிரி போ. டர்னிங்கு. லெஃப்ட்ல ஒடி. ஒடி. போதும். நேரா." பதினாறாவது படியில் குரல் பழைய ஆட்டோக்காரனின் குரலாகியிருந்தது. "நிறுத்து!"

இரண்டாவது மாடி. கூரியர்காரர் மட்டும் நின்றார். செந்தில்குமார் இல்லை. அவர் மனைவி கதவருகில் நின்று காரணம் சொன்னார். டெப்போவில் ஆள் குறைவு என்று விடியற்காலை கூப்பிட்டு முதல் ஷிஃப்டுக்கு ஏற்றிவிட்டார்கள். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டின பள்ளத்துப் பக்கம் எங்கேயோ பஸ்ஸோடு நிற்கிறார். விக்கி மறுபடி தூக்கலாம் என்றால் அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். ஈரப்படியில் இன்னும் பதினாறு ஆபத்து. முதல் மாடி அண்ணன் தம்பி இருவரும் தங்கள் பங்குக்குக் கீழே காத்திருந்தார்கள்; ராத்திரி முழுக்க நின்ற கால்கள், இரண்டு பங்கு தாங்காது. முருகையன் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மணி எட்டு பத்து. மேரி சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தார். காலை வரிசையில் இந்த மாடிக்கு வேறு பெயர் இல்லை.

"இன்னா, சாமி நின்னுடுச்சா?"

தேசம்மா. இரண்டாவது மாடி, கடைசி வீடு. மீன் விற்கிறவர். விடியற்காலையில் போய் எடுத்துவந்த மீனை மந்தைவெளித் தெருக்களில் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு படியேறி வந்து பின்னால் நின்றிருந்தார். நல்ல உயரம்.

"செந்தில் இல்லக்கா. வேற ஆளு இல்ல," என்றார் மேரி.

"ஆளு இல்லியா? நான் இன்னா தூணா?"

"நீ... லிஸ்ட்ல..."

"எப்பிடி இருப்பேன்? நான் இன்னா உன்கிட்ட சட்டையா குடுக்கறேன் இஸ்திரிக்கு?" தேசம்மா கூடையைச் சுவரோரம் வைத்தார். "தெனம் முப்பது கிலோ தலைல வெச்சிகினு நடக்கறேன், ஒரு கை புடிக்காம. இருபத்திரெண்டு வருஷமா. உன் சட்டைக்காரங்க எவனாச்சும் நடந்திருக்கானா?"

மேரிக்குச் சுருக்கென்றது. பிளாக்கில் யார் யார் என்று தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது இஸ்திரிக்கு வந்தவர்களை. நைட்டியும் நூல்புடவையும் இஸ்திரிக்கு வருவதில்லை. ஒரு பெண் பெயர்கூடச் சுவரில் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

தேசம்மா சேலையை வாரிச் செருகிக்கொண்டு பெல்ட்டைத் தோளில் மாட்டினார். கீழ்ப்படியில் நின்றார். "சொல்லு நைனா, எந்தக் காலு?"

"வலது," என்றார் முருகையன். "ஒண்ணு. ரெண்டு." அன்று மூன்று மாடியில் இந்த மாடியில்தான் நாற்காலி மிகச் சமமாக வந்தது. "தேசம்மா, இந்த வாசனையோட போனா ஆஸ்பத்திரில பூனை பின்னாடியே வரும்."

"கம்முனு ஓட்டு வண்டிய. பேசினு ஓட்டினா ஃபைன்."

அண்ணன் தம்பி வாங்கிக்கொண்டார்கள். வாசலைத் தாண்டும்போது கால்தான் முதலில் தாண்டியது. யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ஒன்பது இருபதுக்கு ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது என்று அன்புக்கரசி போன் செய்தார். மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பியபோது வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஏற்றும்போது குரல் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை. விரலை மட்டும் ஆட்டினார். மத்தியான வரிசைக்காரர்கள் விரல் சொன்னபடி நடந்தார்கள்.

மேரி சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதினார். இந்தத் தடவை கதவு கதவாகப் போய்க் கேட்டு எழுதினார். தேசம்மா, ஜமீலுன்னிசா, செந்தில்குமாரின் மனைவி, தன் பெயர் எல்லாம் ஏறின. எல்லாமே ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். தை மாதம் ஒரு பெல்ட் தையல் விட்டு, நாற்காலி ஒரு படி இடித்து, முருகையனின் உதடு கிழிந்தது. கூரியர்காரர் வீடு மாறிப் போனார். பொங்கல் அன்று யார் தூக்குவது என்று பெரிய சண்டையே வந்தது. அம்மாசியும் விக்கியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் அவரவர் படியில் நிற்கிறார்கள். எதிர் ஏ பிளாக்கில் பக்கவாதம் வந்த ஒரு பெண்மணிக்காக ஆட்கள் வந்து மேரியிடம் விசாரித்துப் போனார்கள். மேரி அவர்களிடம் முதலில் கேட்டது, அந்தம்மா எந்தப் பக்கம் பார்த்து உட்கார விரும்புகிறார் என்று.

ஆஸ்பத்திரியில் முருகையனின் இடம் முருகையனிடமே இருக்கிறது. அந்தத் தூறல் திங்கள்கிழமை தொடங்கி இந்த வெள்ளிக்கிழமை வரை அவர் போய்வந்த டயாலிசிஸ் நூற்றெண்பத்தொன்பது.